ரத்தம் திரும்பிய பிறகு

அறுவை அரங்கிலிருந்து குடல் எங்கள் அறைக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் வரும். உள்ளே ஃபார்மலின், மூடியின் மேல் ஒரு எண். நான் பேத்தாலஜிஸ்ட். வெட்டி எடுத்த உறுப்புகளைத் திறந்து பார்ப்பதும், அவற்றின் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்ன நடந்தது என்று எழுதிக் கொடுப்பதும்தான் என் வேலை. ரத்த ஓட்டம் நின்றுபோன குடலை மூடியைத் திறந்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து, சில இடங்களில் பச்சை ஓடிய கறுப்பாக, சுவர் தடித்துக் கனத்துக் கிடக்கும். கத்தரியை உள்ளே விட்டு நீளவாக்கில் திறந்தால் உட்புறத்து மடிப்புகள் வீங்கி மழுங்கியிருக்கும். கத்தியின் முதுகால் லேசாகத் தடவினாலே மேல்படலம் உரிந்து வந்துவிடும்.

இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வாளிக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கும் என்பது தெரியும். ஆனால் அந்த வீடு என் அறைக்குள் வந்ததில்லை, பெரியம்மாவுக்கு ஆகும் வரை.

ராத்திரி பத்தரை மணிக்கு போன். "வயித்த யாரோ முறுக்கிப் பிழியற மாதிரி இருக்குடி. தாங்க முடியல." பெரியம்மா வலியை வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. அவருக்குப் பல வருடமாக இதயத் துடிப்பு ஒழுங்கில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதற்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுவந்தார். பல் பிடுங்குவதற்காக அதை நிறுத்தியவர் மறுபடி ஆரம்பிக்க மறந்துபோய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த மருத்துவமனையில் வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள். மெத்தென்று இருந்தது. அழுத்தும்போது வலி கூடவும் இல்லை. வாயுத் தொல்லை என்று ஒரு ஊசி போட்டு, காலையில் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த மெத்தென்ற வயிறுதான் இந்த நோயின் குறி. குடலின் உட்படலம் ஆக்சிஜன் இல்லாமல் திணறும்போது வருகிற வலி அடியாழத்திலிருந்து வருவது. வயிற்றறையின் உள்ளுறையான பெரிட்டோனியம் அந்த நேரத்தில் இன்னும் புண்பட்டிருக்காது. அதனால் கை வைத்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் தட்டுப்படாது. ஆள் துடியாய்த் துடிப்பார், வயிறு சாதுவாக இருக்கும். வயிறு பலகை மாதிரி இறுகும்போது சுவர் முழுத் தடிமனுக்கும் செத்து நேரமாகியிருக்கும். ஆக்சிஜன் இல்லாமல் திணறும் செல்கள் ரத்தத்தில் விடும் லாக்டேட்டின் அளவு ஏறவில்லையே என்று சில இடங்களில் நிம்மதி அடைவார்கள். குடலிலிருந்து வரும் லாக்டேட்டைக் கல்லீரல் ஆரம்பத்தில் வாங்கிக் கரைத்துவிடும், ஆகவே அந்த எண் சரியாக இருப்பதை வைத்து எதையும் தள்ளிவிட முடியாது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத ஒருவருக்குத் திடீரென்று கடும் வயிற்றுவலி வந்து, தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருந்தால், அடுத்த வேலை ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ. விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. பெரிய மருத்துவமனைக்கு மாற்றி, படம் எடுத்து முடிக்கும்போது மூன்று. திரையில் மேல் மெசென்ட்ரிக் தமனி பெருந்தமனியிலிருந்து கிளம்பிச் சில சென்டிமீட்டர் வெள்ளையாக இறங்கி, சட்டென்று முடிந்துபோயிருந்தது. அதற்குக் கீழே கிளை எதுவும் இல்லை.

சிறுகுடலின் பெரும்பகுதிக்கும், பெருங்குடலின் வலது பாதிக்கும் ரத்தம் கொண்டுபோவது இந்த ஒரு தமனிதான். இதயத்தின் மேலறையில் தேங்கிய ரத்தம் கட்டியாகி, பிய்ந்து கிளம்பினால், பெருந்தமனியிலிருந்து சரிவாக, ஏறக்குறைய ஓட்டத்தின் திசையிலேயே இறங்கும் இந்தக் கிளைக்குள் அது எளிதாகப் புகுந்துவிடும். பெரும்பாலும் தமனியின் வாயில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி, குழாய் குறுகும் இடத்தில் போய் அடைக்கும். அதற்கு முன்பே பிரிந்துவிடும் கிளைகளின் தயவில் சிறுகுடலின் தொடக்கப் பகுதி தப்பிக்கும். பெரியம்மாவுக்கும் அப்படித்தான். முதல் இரண்டு மூன்று அடி பிழைத்திருந்தது.

அறுவைச் சிகிச்சை நிபுணர் எனக்குக் கல்லூரியில் சீனியர். கையெழுத்து வாங்க வெளியே வந்தார். "மொதல்ல கட்டிய எடுத்து ரத்தத்த விடுறேம்மா. குடல வெட்டுறதப் பத்தி அப்புறம்தான் யோசிக்கணும்." 

"சார், அஞ்சரை மணி நேரம் ஆயிடுச்சு."

"தெரியும்."

வேறு எதுவும் பேசவில்லை. தமனி முழுக்க அடைபட்டால் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் குடல் சுவர் மீளாத நிலைக்குப் போய்விடலாம் என்பது இருவருக்கும் தெரியும். வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்குப் பயம் ரத்தம் நின்றிருந்த நேரத்தைப் பற்றி மட்டும் இல்லை. ரத்தம் திரும்பப்போகும் நேரத்தைப் பற்றியும்தான். ரத்தம் ஓடத் தொடங்கிவிட்டால் ஆபத்து முடிந்தது என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மேல்படிப்பில் கற்ற பாடம் வேறு.

குடலின் உட்பரப்பு ஒரு நாற்றங்கால் மாதிரி. அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நுண்தமனி ஏறுகிறது, அதை ஒட்டியே சிரை இறங்குகிறது. இரண்டும் அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் ஏறுகிற ரத்தத்திலிருந்து ஆக்சிஜனில் ஒரு பங்கு வழியிலேயே இறங்குகிற ரத்தத்துக்குத் தாவிவிடும். நுனிக்குப் போய்ச் சேர்வது மிச்சம் மீதிதான். நல்ல நாளிலேயே நுனி கடைமடை. ஓட்டம் குறைந்தால் முதலில் காய்வதும் அதுதான். குடலுறிஞ்சிகளின் அடியில், அவற்றுக்கு இடையில், சிறு கிணறுகள் மாதிரிக் குழிகள் இருக்கின்றன. கிரிப்ட் என்போம். ஸ்டெம் செல்கள் அந்தக் குழியின் அடியில் குடியிருக்கின்றன. புதிய செல்கள் அங்கே பிறந்து, படிப்படியாக மேலே ஏறி, நுனிக்கு வந்து உதிர்கின்றன. அடியிலிருந்து நுனிக்கு மூன்று முதல் ஐந்து நாள் பயணம். உடம்பில் இவ்வளவு வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் பரப்புகள் மிகச் சில.

இந்தச் சேதத்தை அளக்க நாங்கள் இன்றும் பயன்படுத்தும் அளவுகோல் 1970இல் சியூவும் அவரது குழுவினரும் வெளியிட்டது. சுழியத்திலிருந்து ஐந்து வரை. ஒன்று என்றால் நுனியில் மேல்தோலுக்குக் கீழே ஒரு சின்ன இடைவெளி விழுந்திருக்கிறது, கொப்புளம் கிளம்பின மாதிரி. இரண்டில் அந்த இடைவெளி கொஞ்சம் பெரிதாகிறது. மூன்றில் பக்கவாட்டிலும் தோல் தூக்கிக்கொண்டு, சில நுனிகள் மொட்டையாகிவிடும். நான்கில் குடலுறிஞ்சி முழுதும் மொட்டை, உள்ளிருக்கும் நுண்குழாய்கள் புடைத்து வெளியே தெரியும். ஐந்தில் உள்ளே இருக்கும் திசுவே கரைந்து, ரத்தம் கசிந்து, புண்ணாகிவிடும். படிப்புக்காலத்தில் எலிக் குடல் துண்டுகளை இந்த அளவுகோல் வைத்து நூற்றுக்கணக்கில் எண்ணியிருக்கிறேன். எந்த எலிக்கு ரத்தத்தை நிறுத்தி மட்டும் வைத்தார்கள், எந்த எலிக்குத் திறந்துவிட்டார்கள் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நாளில் சொல்லாமலே எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அதிகம் சிதைந்திருப்பது திறந்துவிட்ட குடல்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் பார்க்ஸும் கிரேஞ்சரும். 1986இல் பூனைக் குடலில் செய்த ஆய்வு. நான்கு மணி நேரம் ஓட்டத்தைக் குறைத்து வைத்திருந்த குடலைவிட, மூன்று மணி நேரம் குறைத்து ஒரு மணி நேரம் திறந்துவிட்ட குடல் மோசமாகப் புண்பட்டிருந்தது. மொத்த நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆக, கடைசி ஒரு மணி நேரத்தில் உள்ளே வந்த ரத்தமே அந்தக் கூடுதல் சேதத்தைச் செய்திருக்கிறது.

காரணத்தின் ஒரு பகுதி, ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் செல் சேர்த்துவைக்கும் கழிவு. செல்லின் எரிபொருளான ஏடிபி உடைந்து உடைந்து ஹைப்போசாந்தின் என்ற பொருளாகத் தேங்கும். அதே நேரத்தில் சாந்தின் டிஹைட்ரஜனேஸ் என்கிற நொதி, சாந்தின் ஆக்சிடேஸ் என்ற வேறு வடிவத்துக்கு மாறிவிடும். அந்த வடிவத்துக்கு வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். விறகு அடுக்கியாயிற்று, நெருப்பு வரவேண்டியதுதான் பாக்கி. ரத்தம் திரும்பி ஆக்சிஜன் வந்ததும் சூப்பராக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கல் வெடித்துக் கிளம்பி, செல்லின் சவ்வைக் கண்டபடி அரிக்கும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சக்சினேட் என்ற பொருள் தேங்கி, ஆக்சிஜன் கண்டதும் இதே மாதிரி பற்றிக்கொள்கிறது என்று 2014இல் இன்னொரு குழு காட்டியது. அதற்குப் பின்னால் வெள்ளணுக்களின் படை. நியூட்ரோஃபில்கள் நுண்குழாய்ச் சுவரில் வந்து ஒட்டி, கிருமியே இல்லாத இடத்தில் கிருமியைக் கொல்லும் ஆயுதங்களைக் கொட்டும். சில நுண்குழாய்கள் வீங்கியும் அடைத்தும் போவதால், பெரிய தமனி திறந்த பிறகும் அந்தத் துண்டுகளுக்கு ரத்தம் போய்ச் சேராது. தடுப்புச் சுவர் ஓட்டையானதும் குடலுக்குள் இருக்க வேண்டிய பாக்டீரியாவும் அவற்றின் நஞ்சும் ரத்தத்தில் ஏறும். நுரையீரல் அப்போதுதான் அடிபடும். நேற்று குடல், இன்று மூச்சு என்று உறவினர்கள் குழம்பிப்போவது இந்தக் கட்டத்தில்தான்.

இதைத் தடுக்க சாந்தின் ஆக்சிடேஸைத் தடுக்கும் அல்லோப்பியூரினால் என்ற மருந்தில் தொடங்கி எத்தனையோ மருந்துகளை விலங்குகளில் சோதித்தார்கள், நல்ல பலனும் கண்டார்கள். மனிதருக்கு வழக்கமான சிகிச்சையாக அதில் ஒன்றும் வந்து சேரவில்லை. எனக்கு இது இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

அந்த நாற்காலியில் எனக்குப் பிடிமானமாக இருந்தது வேறொரு ஆய்வு. நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் செய்து, 2008இல் வெளியானது. கணைய அறுவையில் எப்படியும் சிறுகுடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாக வேண்டும். எடுத்தெறியப்போகிற அந்தப் பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டை, நோயாளிகளின் சம்மதத்தோடு, 30 நிமிடம் ரத்தம் இல்லாமல் வைத்துப் பிறகு திறந்துவிட்டார்கள். ரத்தம் நின்ற உடனே பார்த்தால் தோல் ஏறக்குறைய நன்றாகவே இருந்தது, நுனியில் மட்டும் சிறு இடைவெளி. திறந்து 25 நிமிடத்தில் நுனிச் செல்கள் சாகத் தொடங்கி குடல் குழாயின் உள்ளே உதிர்ந்தன. திறந்து 60 நிமிடத்தில் பார்த்தபோது உதிர்ந்த செல்கள் குப்பையாகக் கிடக்க, மேல்தோல் மறுபடி மூடியிருந்தது.

ஒரு மணி நேரத்தில் புதிய செல்கள் பிறந்து வர முடியாது. குடலுறிஞ்சி சுருங்கித் தன் உயரத்தைக் குறைத்துக்கொள்ளும். மூட வேண்டிய பரப்பு அதனால் சிறிதாகும். புண்ணின் ஓரத்தில் உயிரோடு இருக்கும் செல்கள் தம் தூண் வடிவத்தை விட்டுத் தட்டையாகி, வெறும் தரையின் மேல் தவழ்ந்து போய் எதிர்ப்பக்கச் செல்களின் கையைப் பிடிக்கும். எதுவும் புதிதாகப் பிறப்பதில்லை. இருப்பதை இழுத்துப் போர்த்திக்கொள்வதுதான். பிறகு செல்களுக்கு இடையிலான இணைப்புகள் இறுக வேண்டும், அதற்கு உடம்பே சுரக்கும் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உதவுகிறது. ப்ராஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் இண்டோமெதசின் மாதிரி வலி மாத்திரை கொடுத்தால் இந்த ஓட்டையடைப்பு தாமதமாவதைப் பன்றிக் குடலில் பார்த்திருக்கிறார்கள். குடல் அடிபட்டவருக்கு அந்த வகை மாத்திரையை யாராவது கொடுக்க வந்தால் நான் குறுக்கே நிற்பேன்.

இந்தப் போர்வை வேலை முடிந்த பிறகுதான் உண்மையான மறுதாம்பு. அறுத்த தாளின் அடியிலிருந்து துளிர்க்கிற மாதிரி, கிரிப்டின் அடியிலிருந்து புதிய செல்கள் மேலே வர வேண்டும். நுனி போனால் வளரும். பக்கவாட்டுத் தோல் முழுக்க உரிந்துபோனாலும் வளரும். அடியிலிருக்கும் குழியும் செத்துவிட்டால் அந்த இடம் தழும்பாகத்தான் ஆறும். ஸ்லைடில் நான் முதலில் தேடுவது அதைத்தான். குடலுறிஞ்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் கிரிப்ட் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஆறரை மணிக்கு சார் வெளியே வந்தார். கட்டியை எடுத்தாயிற்று, தமனி துடிக்கிறது. குடலை வெதுவெதுப்பான உப்புநீர்த் துணியில் சுற்றிவைத்து அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். பெரும்பகுதி நிறம் திரும்பிவிட்டது, தொட்டால் அசைந்து கொடுக்கிறது. கடைசிப் பகுதியில் ஒரு துண்டு கறுப்பு, அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு மேலே நாலடி மட்டும் சரியும் இல்லை, தவறும் இல்லை. "இப்ப வெட்ட மனசு வரல. நாளன்னிக்குக் காலைல மறுபடி தொறந்து பாக்குறேன்."

இரண்டாம் பார்வை என்று இதைச் சொல்வார்கள். 24 முதல் 48 மணி நேரம் கழித்து மறுபடி வயிற்றைத் திறப்பது. குடும்பத்தாருக்கு இது கொடுமையாகத் தெரியும். ஏற்கெனவே கிழித்த வயிற்றை ஏன் மறுபடி கிழிக்கிறார்கள் என்று பெரியப்பா என்னிடம் கேட்டார், குரல் உடைந்துபோய். நான் சொன்னேன்: "பெரியப்பா, வெளிய பாத்தா எது பொழைக்கும் எது பொழைக்காதுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. இப்பவே எடுத்தா நல்லதும் சேந்து போயிடும்." சாதாரணமாக ஆறு மீட்டர் அளவில் இருக்கும் சிறுகுடலில் இரண்டு மீட்டருக்கும் குறைவாக மிஞ்சினால் உணவையும் நீரையும் உறிஞ்சப் போதாமல், சிரை வழி ஊட்டத்தை நம்பி வாழ வேண்டி வரலாம். அதனால் ஒவ்வொரு அடிக்கும் மல்லுக்கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. வெளிநிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. உட்படலம் போய் வெளித்தோல் இளஞ்சிவப்பாக இருப்பதும் உண்டு. இண்டோசயனின் க்ரீன் என்ற சாயத்தைச் சிரையில் ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத ஒளியில் எந்தப் பகுதி ஒளிர்கிறது என்று பார்க்கும் வசதி இப்போது பல அரங்குகளில் இருக்கிறது. அன்று அங்கே அது இல்லை. கண், கை, பொறுமை இவ்வளவுதான்.

இரண்டாம் பார்வையில் நாலடியில் இரண்டரை அடி பிழைத்திருந்தது. மீதியை எடுத்து முனைகளைச் சேர்த்துத் தைத்தார்கள்.

பிறகு வந்த வாரங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூன்று நாள் மூச்சுக்கருவி. பிறகு மூக்கு வழிக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஊட்டம். குடலுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று நீண்ட நாள் பட்டினி போட்டால் குடலுறிஞ்சிகள் இன்னும் குட்டையாகிவிடும். சிறுகுடல் செல்கள் தமக்கு வேண்டியதில் பெரும்பங்கைத் தம்மைக் கடந்துபோகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன, அதிலும் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை விரும்பி. ஆகவே சிறிதளவாவது உள்ளே போக வேண்டும். வயிற்றுப்போக்கு பல வாரம் இருந்தது. புதிதாக வந்த செல்கள் இளசு. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் மாதிரியான நொதிகள் செல் முதிர்ந்து மேலே ஏறிய பிறகுதான் வரும். பால் ஒத்துக்கொள்ளாமல் போனபோது பெரியம்மா பயந்தார், காரணம் சொன்னதும் அமைதியானார். தழும்பாக ஆறிய இடம் வாரங்கள் கழித்துச் சுருங்கி அடைக்கலாம் என்பதால் வயிறு உப்பினால், வாந்தி வந்தால் உடனே சொல்லும்படி வற்புறுத்தியிருந்தேன். மிஞ்சிய குடல் ஒன்று இரண்டு வருடம் வரை மெல்ல மெல்லத் தன்னைப் பெருக்கிக்கொள்ளும். உறிஞ்சிகள் உயரும், குழிகள் ஆழமாகும். குடலே சுரக்கும் ஜிஎல்பி-2 என்ற ஹார்மோன் இதற்கு உதவுகிறது. அதைப் பார்த்துச் செய்த டெடுகுளூடைடு என்ற மருந்துக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெரியம்மாவுக்கு அது தேவைப்படவில்லை.

அந்த இரண்டாவது துண்டு எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. நான் பார்க்கவில்லை. பார்த்து எழுதியது என்னுடன் வேலை செய்யும் தோழி. பெரியம்மா வார்டுக்கு மாறிய அன்று சாயங்காலம் அவளே என்னைக் கூப்பிட்டாள். "நீ இத ஒரு தடவ பாக்கணும். ஓரத்துல இருந்து எடுத்த துண்டு."

உட்கார்ந்து ஃபோகஸைத் திருப்பினேன். மேலே எதுவும் இல்லை. குடலுறிஞ்சிகள் குட்டையாகி மொட்டையாக நின்றன. சிலவற்றின் மேல் தட்டையான செல்கள் ஒற்றை வரிசையில் விரிப்பு மாதிரிப் படர்ந்திருந்தன. நடுத்திசுவில் நியூட்ரோஃபில்கள், கசிந்த ரத்தம். ஸ்லைடைக் கீழ்நோக்கி நகர்த்தினேன். கிரிப்டுகள் வரிசையாக இருந்தன. ஆளில்லாத தெருவில் வீடுகளில் மட்டும் விளக்கெரிவது மாதிரி, நீல உட்கருக்கள் நெருக்கமாக நிறைந்திருந்தன. பெரிதாக்கும் லென்ஸுக்கு மாற்றினேன். குழியின் அடியிலிருந்து கொஞ்சம் மேலே ஒரு செல்லில் குரோமோசோம்கள் இரண்டு கோடுகளாகப் பிரிந்து எதிரெதிர்ப் பக்கம் விலகிக்கொண்டிருந்தன. பக்கத்துக் குழியில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இரண்டு. எண்ணிக்கொண்டே போனேன்.

வெட்டி எடுத்த ஓரம் இது. இதற்கு ஒரு சென்டிமீட்டர் அந்தப் பக்கம் இருந்தது பெரியம்மாவின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது, இரண்டு மாடி மேலே, பதினாறாம் எண் படுக்கையில். தோழி என் தோளில் கை வைத்து, "போய்ப் பாத்துட்டு வா" என்றாள். நான் போனபோது பெரியம்மா விழித்திருந்தார். உதடு காய்ந்திருந்தது. செவிலியர் கொடுத்திருந்த ஸ்பூனால் ஒரு வாய்த் தண்ணீர் விட்டேன். விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் வயிற்றின் மேல் கை வைத்துக் கவனித்தார்.

"வலிக்கலடி" என்றார். "இன்னொரு வாய் குடு."